தூக்கும் கைக்கும் வயது உண்டு

(டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகக் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியும் கணிதப் போட்டிகளைப் பற்றியும் பேசுவார்கள். நான் சியர்லீடிங் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் மகள் ஒன்பது வருஷம் அதில் இருந்தாள். அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவரப் போய்க்கொண்டிருந்த நான், கடந்த நாலு வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவிப் பயிற்சியாளராக நிற்கிறேன். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது வரிசையாகச் சேர்கிறார்கள். சேர்க்கும்போது பெற்றோர்கள் கட்டணத்தைக் கேட்கிறார்கள், உடுப்பின் விலையைக் கேட்கிறார்கள், எத்தனை வாரக் கடைசி ஊர் ஊராக அலைய வேண்டும் என்று கேட்கிறார்கள். வயதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த அரை மணி நேரத்தை உங்களிடம் கேட்டு வாங்கினேன்.

முதலில், இது என்ன விளையாட்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் ஓரத்தில் நின்று குரல் கொடுப்பதுதான் இதன் தொடக்கம். 1898 நவம்பர் 2ஆம் தேதி மினசோட்டா பல்கலைக்கழக மைதானத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று கோஷத்தை நடத்தினார். அப்போது இது ஆண்களின் வேலை. அதே பல்கலைக்கழகத்தில் 1923இல்தான் பெண்கள் வந்தார்கள். நம் டாலஸுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்த லாரன்ஸ் ஹெர்க்கிமர் 1948இல் இதற்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கி, கோடை முகாம்கள் நடத்தி, இதை ஒரு பயிற்சிக் கலையாகவே ஆக்கினார்.

நம் பிள்ளைகள் போவது அந்த மைதான ஓரத்து வேலைக்கு இல்லை. அவர்கள் போவது ஆல் ஸ்டார் என்கிற தனிப் பிரிவுக்கு. ஆதரித்துக் குரல் கொடுக்க அங்கே வேறு அணி கிடையாது, இவர்களே போட்டியாளர்கள். 54 அடிக்கு 42 அடி, அடியில் ஸ்பிரிங் வைத்த தளம். இரண்டரை நிமிஷம். அதற்குள் கரணம், தாவல், நடனம், ஆளை ஆள் தூக்கி நிறுத்தும் ஸ்டண்ட், பிரமிட், எல்லாம். அந்த இரண்டரை நிமிஷத்துக்காக ஒரு வருஷம் உழைக்கிறார்கள்.

ஸ்டண்ட் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். நாலு பேர். எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேர் பேஸ். பின்னால் நின்று மேலே போகிறவளின் கணுக்காலையும் இடுப்பையும் காப்பவள் பேக்ஸ்பாட். மேலே நிற்பவள் ஃப்ளையர். அவளுடைய ஒவ்வொரு பாதமும் ஒரு ஜோடிக் கைக்குள் அடங்கியிருக்கும். "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று எண்ணி மூச்சை ஒன்றாக இழுத்து, ஒரே கணத்தில் முழங்காலை நிமிர்த்துவார்கள். அந்தக் கணம் ஒருவருக்கு முன்னால் வந்து இன்னொருவருக்குப் பின்னால் வந்தால், மேலே இருப்பவள் சரிவாள்.

ஓட்டப்பந்தயத்திலும் நீச்சலிலும் வயதுப் பிரிவு எதற்கு? பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைத் தோற்கடித்துவிடக் கூடாது என்பதற்கு. எதிராளிகளுக்கு இடையிலான நியாயம் அது. அதனால் அங்கே மேல்வரம்பு போதும்: 12 வயதுக்குள், 14 வயதுக்குள் என்று ஒரு கூரை போட்டால் முடிந்தது. சியர்லீடிங்கில் எதிரணி நம் பிள்ளையைத் தொடுவதுகூட இல்லை. தொடுகிறவர்கள், தூக்குகிறவர்கள், பிடிக்கிறவர்கள் எல்லாம் சொந்த அணிக்காரர்கள். ஆகவே இங்கே வயது வித்தியாசம் முதலில் ஆபத்தாவது அணிக்குள்ளே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பிரிவுகளைப் பார்த்தால், நமக்குக் கூரையைவிடத் தரைதான் அவசியம் என்று தெரியும். கீழ்வரம்பு. 'இந்த வயதுக்குக் குறைந்த பிள்ளையை இந்த இடத்தில் நிறுத்தக் கூடாது' என்கிற கோடு.

இப்போது இருக்கும் அமைப்பு இப்படி. அமெரிக்காவில் யுஎஸ்ஏஎஸ்எஃப் என்ற கூட்டமைப்பு ஒவ்வொரு பருவத்துக்கும் வயதுப் பட்டியல் வெளியிடுகிறது. டைனி, மினி, யூத், ஜூனியர், சீனியர் என்று பிரிவுகள். எல்லைகள் ஓராண்டு முன்பின் நகர்வதுண்டு. ஆனாலும் மழலையர் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளி முடியும்வரை இந்த ஐந்துக்குள் அடக்கிவிடுவார்கள். வயதோடு இன்னொரு ஏணியும் உண்டு, அதுதான் லெவல். முதல் லெவலில் வாக்ஓவர், இரண்டாவதில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங், மூன்றாவதில் ஓடிவந்து டக், இப்படி ஏறி, ஐந்தில் ஒரு முழுச் சுற்று, ஆறில் இரண்டு சுற்று. ஸ்டண்டும் அப்படித்தான். முதல் லெவலில் இரண்டு காலையும் ஊன்றித் தோள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. வயது ஓர் ஏணி, திறமை ஓர் ஏணி என்று இரண்டையும் பிரித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அது நல்ல ஏற்பாடு. சீனியரில் மேல் லெவல்களுக்குக் கீழ்வரம்பும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் நடுவே இன்னும் ஏழெட்டு வயசு இடைவெளி இருக்க முடிகிறது. என் மகளுக்குப் பதினாறு வயசு நடந்தபோது அந்த இடைவெளியை நான் கண்ணால் பார்த்தேன்.

போட்டிக்கு முந்தைய வார்ம்-அப் அறை. ஜிம்மின் பெயர் வேண்டாம். சீனியர் அணி. வழக்கமான ஃப்ளையருக்கு உயரம் கூடிவிட்டது என்று சொல்லி, அந்தப் பருவத்தின் பாதியில் பத்து வயதுப் பெண் ஒருத்தியைக் கீழ்ப் பிரிவிலிருந்து ஏற்றியிருந்தார்கள். எடை இல்லை, அழகாக வளைவாள், பயமில்லாதவள் என்று சொன்னார்கள். அவளுடைய வெள்ளை ஷூ என் மகளின் உள்ளங்கையைவிட ஒரு விரல்கடை நீளம், அவ்வளவுதான். தலையில் கட்டிய ரிப்பன், முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. தூக்கினார்கள். தூக்கிப் பழகியது ஐம்பது கிலோவை; கையில் இருந்ததோ முப்பதுகூட இல்லை. வேகம் கூடிப்போயிற்று. குழந்தையின் முழங்கால் மடங்கியது, பக்கவாட்டில் திரும்பி விழுந்தாள். என் மகள் அடியில் நகர்ந்து தன் தோளில் ஏந்தினாள். குழந்தையின் முழங்கை இவளுடைய காறை எலும்பில் இடித்தது. எலும்பு முறியவில்லை, நல்ல வேளை.

எழுந்ததும் அந்தக் குழந்தை மூன்று பேரிடமும் போய்த் தனித்தனியாக "ஸாரி" என்றது. பேக்ஸ்பாட்டிடம் இரண்டு தடவை சொன்னது. நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றிருந்தேன். விழுந்த பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது. பிறகு அதன் தாய் என்னிடம் சொன்னார்: பயமாகத்தான் இருந்ததாம், ஆனால் பெரிய அக்காக்கள் எல்லாம் தனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம்.

வீடு திரும்பும்போது காரில் என் மகள் சொன்னாள்: "அம்மா, அவ வெயிட்டே இல்லம்மா. அதான் பயமா இருக்கு. எவ்ளோ ஃபோர்ஸ் குடுக்கறதுன்னே தெரியல."

இரண்டு பயமும் ஒன்றாக வந்ததைப் பாருங்கள். எடை குறைந்த பிள்ளை பத்திரமான பிள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தூக்குகிறவர்களின் பலத்துக்கும் தூக்கப்படுகிறவரின் எடைக்கும் பொருத்தம் இருந்தால்தான் அது பத்திரம். அதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது அந்தக் குழந்தையின் வாய் அடைத்துப்போனது. பத்து வயதுப் பிள்ளை, பத்து பதினொன்று வயதுப் பிள்ளைகள் நடுவே நின்றால் "எனக்கு இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிடும். பதினாறும் பதினேழுமாக நிற்பவர்களைத் தேவதைகளைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை சொல்லாது. இந்த விளையாட்டில் "வேண்டாம்" என்று சொல்ல முடிவது, தலைக்கவசத்துக்குச் சமமான பாதுகாப்பு.

பக்கத்து வீடான ஜிம்னாஸ்டிக்ஸ் இந்தக் கீழ்வரம்பைக் கற்றுக்கொள்ள ரொம்ப காலம் எடுத்துக்கொண்டது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி முழுப் பத்து வாங்கியபோது அவருக்கு 14 வயது. உலகமே கைதட்டியது. அதன்பின் நாடு நாடாக இன்னும் சின்னப் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தார்கள். பெண்களுக்கான கீழ்வரம்பை 1981இல் 15 ஆக்கினார்கள், 1997இல் 16 ஆக்கினார்கள். கோடு போட்ட பிறகும் ஏமாற்று நின்றுவிடவில்லை. சிட்னி 2000இல் வெண்கலம் வாங்கிய சீன அணியில் ஒரு பெண்ணுக்கு வயது போதவில்லை என்று தெரிந்து, 2010இல் அந்தப் பதக்கத்தைத் திரும்ப வாங்கினார்கள். பனிச்சறுக்கு நடனத்தில் 2022 பெய்ஜிங்கில் பதினைந்து வயது ரஷ்யச் சிறுமி ஒருத்தி ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கிப் பட்ட பாட்டை உலகம் பார்த்தது. அதே ஆண்டு ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் கீழ்வரம்பை 15இலிருந்து 17க்குப் படிப்படியாக உயர்த்த முடிவெடுத்தது.

ஆனால் ஜிம்னாஸ்ட் தனியாகத்தான் தாவுகிறாள். நம் விளையாட்டுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் மனிதப் பிரமிடுகள். மும்பையில் கோகுலாஷ்டமிக்கு தஹி ஹண்டி பார்த்திருப்பீர்கள். நம் ஊர் உறியடிக்கு அண்ணன். ஆள்மேல் ஆள் ஏறித் தயிர்ப் பானையை உடைப்பார்கள். உச்சியில் ஏறுவது எப்போதும் சின்னப் பிள்ளை. 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஏறக் கூடாது, 20 அடிக்கு மேல் உயரம் போகக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. கடைசியில் 2017இல் 14 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்க மாட்டோம் என்று மாநில அரசு சொன்னதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஸ்பெயினின் கத்தலோனியாவிலும் இப்படி ஒன்று உண்டு. காஸ்தெல் என்பார்கள். யுனெஸ்கோ 2010இல் தன் பட்டியலில் சேர்த்த மரபு. உச்சிக்கு ஏறிக் கையை உயர்த்தும் குழந்தைக்கு என்ஷானெதா என்று பெயர். 2006இல் மத்தாரோ நகரத்தில் கோபுரம் சரிந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதற்குப் பிறகு மேலே ஏறும் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் வந்தது.

அந்த இரண்டு இடத்திலும் அடியில் நிற்பவர்கள் பெரியவர்கள். கத்தலோனியாவில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவரோடொருவர் நெருக்கி மெத்தை போல நிற்கிறார்கள். நம் பிள்ளைகளின் பிரமிடிலோ அடியில் நிற்பதும் பிள்ளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயசில் மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொண்டு நிற்கிற பேஸ் பெண்ணை யார் நினைக்கிறார்கள்? வீடியோவில் எல்லாரும் மேலே இருப்பவளைத்தான் பார்க்கிறோம்.

பெண்பிள்ளைகள் மளமளவென்று வளர்வது பெரும்பாலும் பன்னிரண்டு வயதை ஒட்டி. பையன்களுக்கு அது இரண்டு வருஷம் தள்ளி. அந்த வளர்ச்சிக் காலத்தில் எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. மணிக்கட்டில் திரும்பத் திரும்பப் பாரம் விழுந்தால் முதலில் அடிபடுவது அவைதான். உடம்பின் நிறை மையமும் மாறும். போன மாதம் கண்ணை மூடிக்கொண்டு பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போட்டவளுக்கு இந்த மாதம் வராது. "மறந்துட்டேன்" என்று அழுவாள். மறக்கவில்லை, கண்ணு, உன் கையும் காலும் புதுசு. எட்டு வயசிலிருந்து ஃப்ளையராக இருந்தவளை ஒரே கோடையில் பேஸ் ஆக்கிவிடுவார்கள். மேலேயிருந்து கீழே வந்த துக்கம் ஒரு பக்கம், பழகாத பாரம் ஒரு பக்கம். அதனால் ஜூனியர் பிரிவில் ஒரு பருவம் லெவல் இறங்கி நிற்பதை அவமானமாக நினைக்காத பழக்கம் வர வேண்டும் என்று நான் பயிற்சியாளர் கூட்டங்களில் சொல்லி வருகிறேன்.

இனி, எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுவது? சின்ன விஷயமாகத் தெரியும். என் அப்பாவுக்கு இரண்டு பிறந்தநாள். வீட்டில் ஐப்பசி, சான்றிதழில் ஜூன். பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் எழுதியது அது. அப்பா கடைசிவரை இரண்டையும் வைத்துக்கொண்டார். அந்த ஆசிரியர் நல்ல மனசோடுதான் எழுதினார். பிள்ளை ஒரு வருஷம் வீணாக வீட்டில் உட்காரக் கூடாது என்று. இங்கே டெக்சாஸில் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் ஐந்து முடிந்திருந்தால் கிண்டர்கார்டன். சியர்லீடிங்கிலும் முன்பு ஆகஸ்ட் 31தான் கணக்கு. ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஏறக்குறைய ஒரே பிரிவில் இருப்பார்கள். பிறகு பிறந்த ஆண்டை ஒட்டிய கணக்குக்கு மாறினார்கள். வெளிநாட்டுப் போட்டிகளோடு ஒத்துப்போக அது வசதி. ஆனால் அக்டோபரில் பிறந்தவளும் அடுத்த பிப்ரவரியில் பிறந்தவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு, ஜிம்மில் வேறு வேறு பிரிவு என்று ஆகிவிடுகிறது.

கால்பந்து இதே பாதையில் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்க இளையோர் கால்பந்தில் 2015இல் அறிவித்து, பிறந்த ஆண்டுக் கணக்குக்கு மாறினார்கள். வகுப்புத் தோழர்கள் பிரிந்தார்கள், சில பிள்ளைகளுக்கு ஆட அணியே இல்லாமல் போயிற்று. 2026-27 பருவத்திலிருந்து பெரிய சங்கங்கள் ஆகஸ்ட் 1க்குத் திரும்புவதாக அறிவித்திருக்கின்றன. நானும் பள்ளி ஆண்டின் பக்கம்தான். நம் விளையாட்டில் நாலு பேர் ஒரே மூச்சில் எண்ண வேண்டும். பள்ளியிலும் பேருந்திலும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு அந்த மூச்சு சுலபமாக அமைகிறது.

சின்ன ஜிம் நடத்துபவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுண்டு, அது நியாயமான கேள்வியும்கூட. "எங்க ஊர்ல மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைங்க. நீங்க சொல்ற மாதிரி பிரிச்சா ஒரு டீமும் தேறாது. அக்காவும் தங்கச்சியும் ஒரே டீம்ல இருந்தாத்தான் அந்த அம்மாவால ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர முடியும்." உண்மை. லப்பக் பக்கம் போனால் ஒரு ஜிம்முக்கும் அடுத்த ஜிம்முக்கும் நடுவே மணிக்கணக்கில் பருத்திக் காடு. அவர்களுக்குப் பெரிய நகரத்தின் சட்டத்தை அப்படியே போட்டால் விளையாட்டே செத்துவிடும். அதனால்தான் அணிக்கு வயது வைப்பதைவிட ஸ்டண்டுக்கு வயது வையுங்கள் என்கிறேன். ஏழு வயதும் பதினேழு வயதும் ஒரே தளத்தில் ஆடட்டும், நடனம் ஆடட்டும், கரணம் அவரவர் உடம்பு, அவரவர் திறமைக்குப் போடட்டும். தோள் உயரத்துக்கு மேலே ஒருத்தியைத் தூக்கும்போது மட்டும், அந்த நாலு பேருக்குள் மூத்தவருக்கும் இளையவருக்கும் நாலு வயசுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நிறுத்தி முழு உயரத்துக்குத் தூக்குவது, கூடை போல் கை கோத்து வானத்தில் எறிவது, இவற்றுக்கு மேலே போகிறவளுக்குப் பதின்மூன்று முடிந்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் பதியும்போதே யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். அணிகள் அதை எப்படியும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டித்தான் வைத்திருக்கின்றன.

"அப்போ நல்லாப் பண்ற சின்னப் பிள்ளையைக் கட்டிப் போடறதா?" என்பார்கள். இல்லை. ஒன்பது வயதில் பேக் டக் போடுபவள் தன் வயதுக்காரர்களோடு மேல் லெவலில் போடட்டும், யார் தடுத்தது? கரணத்தில் அவள் நம்பியிருப்பது தன் உடம்பை. ஸ்டண்டில் நம்பியிருப்பது மூன்று பேரின் உடம்பை. இரண்டுக்கும் ஒரே சட்டம் எப்படிப் பொருந்தும்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் சியர்லீடிங்கைப் பள்ளிகள் முறையான விளையாட்டாகவே அங்கீகரிக்க வேண்டும் என்று சொன்னது. அப்படி ஆனால்தான் தகுதிபெற்ற பயிற்சியாளர், காயத்தைப் பார்க்க ஆள், ஒழுங்கான தளம் எல்லாம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். வயதுக் கோட்டையும் அந்தப் பட்டியலில் நான் சேர்ப்பேன்.

பெற்றோர் பக்கம் ஒரு வார்த்தை. 2001இல் லிட்டில் லீக் பேஸ்பாலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அணிக்காக ஒரு சிறுவன் வீசிய பந்தை யாராலும் தொட முடியவில்லை. பன்னிரண்டு வயசு என்றார்கள். உண்மையில் பதினான்கு. சான்றிதழை மாற்றியது தந்தை. அணியின் வெற்றிகள் எல்லாம் ரத்தாயின. அந்தப் பையனின் முகத்தைத்தான் நாடு முழுக்க டிவியில் காட்டினார்கள். வயதைக் குறைப்பதும் கூட்டுவதும் பெரியவர்கள் செய்வது. நிற்க வேண்டியவர்கள் பிள்ளைகள். நம் வட்டத்தில் சான்றிதழைத் திருத்தும் ஆள் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் "என் பொண்ணை மேல் டீமுக்கு ஏத்திட்டாங்க" என்று வாட்ஸாப்பில் போட்டு வாழ்த்து வாங்குகிற ஆசை நமக்கு நிறைய இருக்கிறது. எனக்கும் இருந்தது. என் மகளை ஒன்பது வயசில் ஜூனியருக்கு ஏற்றியபோது நானும் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் அணித் தேர்வு. ஜிம்மில் ஒரு படிவம் தருவார்கள். அதில் கையெழுத்துப் போடும் முன் பயிற்சியாளரிடம் போய் நின்று, என் பிள்ளையைத் தூக்கப்போவது யார், அவர்களுக்கு என்ன வயது, என் பிள்ளை "இன்னிக்கு வேணாம்" என்று சொன்னால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை பேஸ் என்றால், அவள் கையில் யாரை வைக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். நல்ல பயிற்சியாளர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பத்து வயதுப் பெண் இப்போது எங்கள் ஜிம்மில் இருக்கிறாள். வயது பதினான்கு. போன வாரம் பேக்ஸ்பாட்டாக நின்று ஒரு ஃப்ளையரின் கணுக்காலைப் பிடித்திருந்தாள். ஃப்ளையர் பதின்மூன்று. எண்ணத் தொடங்கும் முன், "ரெடியா?" என்று அவளிடம் கேட்டாள். பதில் வரும்வரை எண்ணவில்லை.